கீழே விழுந்த முட்டைக்கு ஐந்து செகண்ட் கணக்கு உண்டா?

சத்துணவு அமைப்பாளர்களுக்கும், சமையல் ஆயாக்களுக்கும், சாப்பாட்டு நேரத்தில் வராண்டாவில் நிற்கும் ஆசிரியர்களுக்கும், தலைமை ஆசிரியர்களுக்கும்,

வணக்கம்.

என் மகள் வயிற்றுப் பேரன் மூன்றாம் வகுப்பு படிக்கிறான். எந்த ஊர், எந்தப் பள்ளி என்று எழுதப் போவதில்லை. எழுதினால் இது ஒரு டீச்சர் மேல் கொடுத்த புகாராகிவிடும். அவர் நல்ல டீச்சர். வாய்ப்பாட்டைப் பாட்டாகச் சொல்லிக் கொடுக்கிறவர். புகார் கொடுக்க எனக்கு மனமில்லை.

நடந்தது இதுதான். போன மாதம் ஒரு மதியம் அவன் தட்டிலிருந்த அவித்த முட்டை உருண்டு வராண்டாத் தரையில் விழுந்தது. குனிந்து எடுத்தான், இரண்டு ஊது ஊதினான், வாயில் போட்டுக்கொண்டான். டீச்சர் பார்த்துவிட்டார். "தெருநாயாடா நீ? கீழ கிடக்கிறதப் பொறுக்கித் திங்கிற?" என்று சத்தம் போட்டிருக்கிறார். பந்தியே சிரித்தது. சாயங்காலத்துக்குள் அவனுக்கு ஒரு பட்டப்பெயர் வந்துவிட்டது. என்ன பெயர் என்று இதுவரை என்னிடம் சொல்லவில்லை. நான்கு நாள் முட்டை வேண்டாம் என்று தட்டை ஒதுக்கியிருக்கிறான். ஐந்தாம் நாள்தான் விஷயம் வீட்டுக்கு வந்தது.

நான் பள்ளிக்குப் போனேன். டீச்சர் சொன்னார்: "நாளைக்கு அவனுக்கு வயித்தால போச்சுன்னா யாரும்மா பதில் சொல்றது?" ஆயா சொன்னார்: "ஒரு பிள்ளைக்கு ஒண்ணுதான் கணக்கு. விழுந்ததுக்கு இன்னொண்ணு குடுக்க நான் எங்க போவேன்?" பேரன், என் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு, மெதுவாகச் சொன்னான்: "அஞ்சு செகண்டு ஆகல அம்மாச்சி. நான் எண்ணுனேன்."

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் இந்த மூன்று பதிலும் என் தலைக்குள் சுற்றிக்கொண்டே இருந்தன. முப்பத்தோரு வருஷம் ஒரு மருத்துவமனை ஆய்வகத்தில் டெக்னீஷியனாக இருந்தவள் நான். மலம், சளி, சிறுநீர், புண்ணிலிருந்து எடுத்த பஞ்சு, எல்லாவற்றையும் மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தே கண்ணாடியின் பவர் ஏறியது. அதனால் இதில் ஒரு வார்த்தை சொல்ல எனக்குக் கொஞ்சம் உரிமை இருக்கிறது என்று நினைத்து எழுதுகிறேன்.

முதலில் பேரனின் ஐந்து செகண்டைப் பார்த்துவிடுவோம். கீழே விழுந்ததை ஐந்து செகண்டுக்குள் எடுத்துவிட்டால் கிருமி ஒட்டாது என்கிற இந்தக் கணக்கு அவனுக்கு யூடியூபிலிருந்து வந்தது. எங்கள் காலத்தில் செகண்ட் கணக்கு கிடையாது. ஊதினால் போதும். கிருமி என்னவோ தூசி மாதிரி பறந்துவிடும் என்பது போல. ஊதுவதால் மண் போகும், எறும்பு போகும், கிருமி போகாது. சொல்லப்போனால் ஊதுகிற வாயிலிருந்து கொஞ்சம் போய்ச் சேரவும் செய்யும்.

ஐந்து செகண்டை உண்மையிலேயே உட்கார்ந்து அளந்து பார்த்திருக்கிறார்கள். அதில் எனக்கு மிகவும் பிடித்தது ஒரு பள்ளிக்கூடத்துப் பெண் செய்தது. ஜில்லியன் கிளார்க் என்று பெயர். 2003ல் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்துக்குப் பயிற்சிக்குப் போன பள்ளி மாணவி. முதலில் அந்தப் பல்கலைக்கழகக் கட்டடங்களின் தரையைப் பஞ்சால் துடைத்து எடுத்துப் பார்த்திருக்கிறாள். எண்ணிச் சொல்லும் அளவுக்குக் கிருமியே கிடைக்கவில்லை. அப்புறம் ஈ.கோலை என்ற பாக்டீரியாவை டைல்ஸ் மேல் தானே தடவி, அதில் பிஸ்கட்டையும் ஜெல்லி மிட்டாயையும் வைத்தாள். ஐந்து செகண்டுக்குள் இரண்டிலும் ஒட்டிக்கொண்டது. அடுத்த வருஷம் அவளுக்கு இக்நோபல் பரிசு கொடுத்தார்கள். முதலில் சிரிக்க வைத்து அப்புறம் யோசிக்க வைக்கிற ஆராய்ச்சிகளுக்குக் கொடுக்கும் பரிசு அது. இந்தப் பெண் கேட்ட அதே கேள்வியைத்தான் என் பேரனும் கேட்டான். அவளுக்குப் பரிசு, இவனுக்குப் பட்டப்பெயர். சரி, போகட்டும்.

அவள் கண்டதில் இரண்டு விஷயம் இருக்கிறது. ஒன்று, தரையில் கிருமி இல்லாவிட்டால் எவ்வளவு நேரம் கிடந்தாலும் ஒன்றுமில்லை. இன்னொன்று, கிருமி இருந்துவிட்டால் ஐந்து செகண்ட் காப்பாற்றாது. ஆக, கேள்வி கடிகாரத்தைப் பற்றியதே இல்லை.

இதைப் பெரிய அளவில் செய்து காட்டியவர்கள் நியூ ஜெர்சியில் உள்ள ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்துக்காரர்கள். டொனால்ட் ஷாஃப்னர் என்ற பேராசிரியரும் ராபின் மிராண்டா என்ற அவருடைய மாணவியும். 2016ல் முடிவை வெளியிட்டார்கள். தர்பூசணி, ரொட்டி, வெண்ணெய் தடவிய ரொட்டி, ஜெல்லி மிட்டாய் என்று நான்கு தீனி. எவர்சில்வர், டைல்ஸ், மரம், கம்பளம் என்று நான்கு தரை. ஒரு செகண்டுக்கும் குறைவு, 5 செகண்ட், 30 செகண்ட், 300 செகண்ட் என்று நான்கு நேரம். தரையில் பாக்டீரியாவைப் பூசியதிலும் இரண்டு விதம். ஒவ்வொன்றையும் இருபது இருபது தடவை செய்து, மொத்தம் 2,560 அளவுகள் எடுத்திருக்கிறார்கள். ஆய்வகத்தில் வேலை பார்த்தவளுக்குத்தான் தெரியும், அத்தனை பிளேட்டிலும் வளர்ந்த கிருமிக் கூட்டத்தை எண்ணி முடிக்க எவ்வளவு பொறுமை வேண்டும் என்று.

அவர்கள் கண்டது: அதிக நேரம் கிடந்தால் கொஞ்சம் அதிகம் ஒட்டுகிறதுதான். ஆனால் ஒரு செகண்ட் ஆவதற்கு முன்பே ஒட்ட ஆரம்பித்துவிடுகிறது. நேரத்தைவிட முக்கியமானது ஈரம். தர்பூசணியில்தான் மிக அதிகம், ஜெல்லி மிட்டாயில் மிகக் குறைவு. கிருமிக்குக் கால் கிடையாது. தண்ணீர் இருந்தால் அதோடு சேர்ந்து வருகிறது. தரையில் எவர்சில்வரும் டைல்ஸும் தாராளமாகக் கொடுத்தன. கம்பளம் குறைவாகக் கொடுத்தது. நூலுக்குள் கிருமி அமுங்கிக் கிடப்பதால் மேலே விழுந்த பண்டத்தில் அவ்வளவாக ஒட்டவில்லை. (உடனே ஜமுக்காளத்தை விரித்துவிடலாம் என்று கிளம்ப வேண்டாம். அவர்கள் சோதித்தது குஞ்சம் குஞ்சமாக நூல் நிற்கிற கம்பளம், நம் ஜமுக்காளம் வழவழவென்று தட்டையாக நெய்தது. அதோடு, சாம்பார் கொட்டிய ஜமுக்காளத்தைத் தினமும் யார் துவைப்பது?)

இப்போது அந்த முட்டைக்கு வருவோம். உரித்த முட்டை. வழவழப்பு, ஈரம். வராண்டாவோ சிமெண்ட் அல்லது டைல்ஸ். ஆராய்ச்சிக்காரர்கள் "எது சீக்கிரம் ஒட்டும்" என்று தேடிப் பிடித்திருந்தால்கூட இதைவிட நல்ல ஜோடி கிடைத்திருக்காது. என் பேரன் ஐந்து வரை எண்ணியது வீண். அந்த அளவில் டீச்சர் பயந்தது சரி.

அதே முட்டை ஓட்டோடு விழுந்திருந்தால்? ஒன்றுமே இல்லை. ஓடு விரிசல் விடாத வரைக்கும் எடுத்துத் துடைத்து, கையைக் கழுவிவிட்டு, உரித்துத் தின்னலாம். முட்டை சாப்பிடாத பிள்ளைக்குக் கொடுக்கும் வாழைப்பழமும் அப்படித்தான், தோலோடு எங்கே விழுந்தாலும் கவலையில்லை. உரித்துப் பரிமாறினால் வேலை சீக்கிரம் முடிகிறது என்பது எனக்குத் தெரியும். சின்ன வகுப்புகளுக்கு வேறு வழியும் இல்லை. ஆனால் நாலாம் வகுப்பு, ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் தாங்களே உரித்துக்கொள்வார்கள். உரிக்கும்போது அவர்கள் முகத்தைப் பாருங்கள், அது ஒரு விளையாட்டு அவர்களுக்கு. பொங்கல், உப்புமா பற்றி நான் ஒன்றும் சொல்லத் தேவையில்லை. விழுந்தால் அள்ள முடியாது, யாரும் அள்ளவும் மாட்டார்கள்.

அடுத்தது தரை. "எங்கள் வராண்டா சுத்தமாகத்தானே இருக்கிறது" என்று சொல்வீர்கள். பார்வைக்குச் சுத்தம் என்பதும் உண்மையில் சுத்தம் என்பதும் வேறு வேறு. தென் கரோலினாவில் கிளெம்சன் பல்கலைக்கழகத்தில் பால் டாசன் என்பவரின் குழு, வயிற்றுப்போக்கைத் தருகிற சால்மொனெல்லா என்ற பாக்டீரியாவைத் தரையில் தடவிக் காயவிட்டுப் பார்த்தது. நான்கு வாரம் கழித்தும் அதில் உயிரோடு கிருமி இருந்தது. காய்ந்த தரைதானே என்று நம்ப முடியாது.

அமெரிக்காவில் செய்த ஆராய்ச்சிகளில் நம் ஊருக்குப் பொருந்தாத ஒன்றும் இருக்கிறது. அவர்கள் செருப்புக் காலோடு வீட்டுக்குள் நடக்கிறவர்கள், மேஜையில் வைத்து முள்கரண்டியால் சாப்பிடுகிறவர்கள். தீனி கீழே விழுந்தால்தான் தரைக்கும் வாய்க்கும் தொடர்பு. நம் பிள்ளைகளோ சம்மணம் போட்டுத் தரையில் உட்கார்ந்து கையால் சாப்பிடுகிறார்கள். உட்காரும்போது கை ஊன்றுகிறது. எழும்போது ஊன்றுகிறது. பக்கத்துப் பையனைத் தள்ளிவிட்டுத் தானும் விழும்போது இரண்டு கையும் ஊன்றுகிறது. ஒரு முட்டை விழுவது மாதத்துக்கு ஒரு தடவை. கை விழுவது ஒரு சாப்பாட்டுக்குப் பத்துத் தடவை. தரை வாய்க்குப் போவதற்கு முட்டை விழ வேண்டிய அவசியமே இல்லை. விழுந்த முட்டையைப் பார்த்து அலறுகிற நாம், சோப்பு இல்லாத கைகழுவும் குழாயைத் தாண்டிப் பேசாமல் போகிறோம். எனக்கு உண்மையான வருத்தம் இதில்தான். நான் போன அன்றைக்கு அந்தப் பள்ளியில் குழாய் இருந்தது, தண்ணீர் வந்தது, சோப்பு இல்லை. கேட்டேன். "வச்சா காணாமப் போகுது" என்றார்கள். ஒரு பழைய காலுறைக்குள் சோப்பைப் போட்டுக் குழாயில் கட்டிவிடுங்கள், போகாது. அடுத்த நாள் நானே கட்டிவிட்டு வந்தேன். இன்னும் இருக்கிறது என்று பேரன் சொல்கிறான்.

தரையில் அப்படி என்னதான் இருக்கும்? எல்லாத் தரையிலும் எல்லாமும் இருக்காது. பெரும்பாலான நாள் பெரும்பாலான தரையில் நம்மை ஒன்றும் செய்யாத பாக்டீரியாதான் இருக்கும். பயப்பட வேண்டியது மலத்தோடு சம்பந்தப்பட்டதை மட்டும். பிள்ளைகள் வெறுங்காலோடு கழிப்பறைக்குப் போய்விட்டு, அதே ஈரக்காலோடு பந்திக்கு வருகிறார்கள். கழிப்பறையைக் கழுவிய அதே துடைப்பமும் வாளியும் வராண்டாவுக்கும் வருகின்றன. இடையில் ஒரு நாய் குறுக்கே போகிறது, ஒரு கோழி வந்து கொத்திவிட்டுப் போகிறது. சீதபேதியைத் தருகிற ஷிகெல்லா என்ற பாக்டீரியா இருக்கிறது. 10 முதல் 100 கிருமி வயிற்றுக்குள் போனாலே போதும், ஆளைப் படுக்க வைத்துவிடும். நூறு கிருமி என்பது கண்ணுக்குத் தெரியாத அளவு. சால்மொனெல்லாவுக்குப் பெரும்பாலும் அதைவிட அதிகம் தேவை. ஆனால் சின்னப் பிள்ளைகளுக்கு எது போதும் என்று கணக்குப் போட்டுப் பார்க்க நான் விரும்ப மாட்டேன்.

அப்புறம் பூச்சி. பிப்ரவரியிலும் ஆகஸ்ட்டிலும் பள்ளியில் பூச்சி மாத்திரை கொடுக்கிறீர்களே, அல்பெண்டசோல், அது எதற்கு? உருளைப்புழுவின் முட்டை மலத்தோடு மண்ணில் விழுந்து, ஈரமான நிழலில் இரண்டு மூன்று வாரம் கிடந்தால் தொற்றும் பக்குவத்துக்கு வந்துவிடும். அதற்குப் பிறகு வருஷக்கணக்கில் மண்ணில் காத்துக் கிடக்கும். மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் பழுப்பு நிறத்தில், பலாப்பழத் தோல் மாதிரி சொரசொரவென்று மேடுபள்ளமாக இருக்கும். என் வேலைக்காலத்தில் அதைப் பார்க்காத வாரம் கிடையாது. கொக்கிப்புழு வேறு கதை. அது வாய்க்காகக் காத்திருக்காது, வெறுங்காலின் தோலைத் துளைத்துக்கொண்டே உள்ளே போய்விடும். ரத்தத்தைக் குடித்துச் சோகை கொண்டுவரும். ஆகவே மண் தரையில் விழுந்ததும் டைல்ஸில் விழுந்ததும் ஒன்றல்ல. டைல்ஸில் விழுந்ததைப் பற்றி நான் யோசிப்பேன். விளையாட்டு மைதானத்து மண்ணில் விழுந்த ஈரப் பண்டத்தைப் பற்றி யோசிக்கவே மாட்டேன், போடு தூர.

இங்கே எப்போதும் ஒரு தாத்தா எழுந்து சொல்வார்: "நாங்கெல்லாம் மண்ணுல விழுந்ததத் தின்னுதான் வளர்ந்தோம், எங்களுக்கு என்ன ஆச்சு?" என் வீட்டிலும் ஒருவர் சொல்வார், என் வீட்டுக்காரர்தான். ஒன்றும் ஆகவில்லை என்று சொல்ல உயிரோடு இருப்பவர்கள்தான் வருகிறார்கள். அவர் கூடப் பிறந்தவர்கள் ஏழு பேர், பிழைத்தது நான்கு பேர். மற்ற மூன்று பேரும் தரையில் விழுந்ததைத் தின்றதால்தான் போனார்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்தக் காலத்தை அத்தாட்சியாகக் காட்டும்போது அந்த மூன்று பேரையும் சேர்த்துத்தான் எண்ண வேண்டும். மாதத்துக்கு ஒரு தடவை விளக்கெண்ணெயை மூக்கைப் பிடித்துக்கொண்டு எதற்குக் குடித்தார் என்பதையும் அவர் மறந்துவிட்டார்.

"கொஞ்சம் அழுக்குப் பட்டால்தான் எதிர்ப்புச் சக்தி வரும்" என்று படித்தவர்களும் சொல்கிறார்கள். அதில் ஒரு துளி உண்மை இருக்கிறது. 1989ல் டேவிட் ஸ்ட்ராக்கன் என்ற பிரிட்டிஷ் மருத்துவ ஆய்வாளர், அண்ணன் அக்கா நிறைய உள்ள பிள்ளைகளுக்கு ஒரு வகைத் தும்மல் அலர்ஜி குறைவாக இருப்பதைக் கண்டு, சிறுவயதில் பட்ட தொற்றுகள் காரணமாக இருக்கலாம் என்று எழுதினார். அதிலிருந்து கிளம்பிய பேச்சு இது. அப்புறம் வந்தவர்கள் அதைத் திருத்தினார்கள்: நமக்கு நல்லது செய்வது மண், செடி, மாடு, கூடப்பிறந்தவர்களோடு வருகிற பழைய நுண்ணுயிர்கள். சீதபேதிக் கிருமி இல்லை. மண்ணில் விளையாட விடுங்கள், மாட்டைத் தொட விடுங்கள். கழிப்பறைக் கால் பட்ட முட்டையில் எதிர்ப்புச் சக்தியைத் தேட வேண்டாம்.

இவ்வளவு சொல்லிவிட்டு டீச்சர் திட்டியது சரி என்றா சொல்ல வருகிறேன்? இல்லை. அங்கேதான் ஆயாவின் பதில் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. பேரன் அந்த முட்டையை ஏன் எடுத்தான்? விவரம் தெரியாமலா? இல்லை. இன்னொன்று கிடைக்காது என்று தெரிந்ததால் எடுத்தான். பெரியவர்கள் நாம் ஹோட்டலில் ஒரு வடை கீழே விழுந்தால் கௌரவமாக விட்டுவிடுகிறோம், ஏனென்றால் இன்னொரு வடை வாங்கக் காசு இருக்கிறது. அவனுக்கு ஒரு நாளைக்கு ஒரு முட்டை. அதை அவன் காலை பத்து மணியிலிருந்து எதிர்பார்த்துக்கொண்டிருக்கிறான். அது உருண்டு போகும்போது ஷிகெல்லாவைப் பற்றி யோசி என்று அவனிடம் சொல்வது நியாயமா?

இந்த மாநிலத்தில் பள்ளியில் சோறு போடுவது நேற்று வந்த பழக்கம் இல்லை. காமராஜர் காலத்தில் 1956ல் மதிய உணவு தொடங்கியது. எம்.ஜி.ஆர். 1982 ஜூலையில் சத்துணவாக அதை விரித்தார். 2022 செப்டம்பரில் மதுரையில் காலை உணவும் தொடங்கியது. எல்லாவற்றுக்கும் பின்னால் இருந்த எண்ணம் ஒன்றுதான், பசியோடு இருக்கிற பிள்ளை பாடம் படிக்க முடியாது என்பது. பசித்த பிள்ளை கீழே விழுந்ததை எடுக்கும் என்பதும் அதே எண்ணத்தின் அடுத்த வரிதானே. அதற்குத் தெருநாய் என்ற பெயர் எதற்கு?

நம் ஊரில் வள்ளுவரைப் பற்றி ஒரு கதை சொல்வார்கள், உங்களுக்கும் தெரிந்திருக்கும். தினமும் சாப்பிட உட்காரும்போது இலைக்குப் பக்கத்தில் ஓர் ஊசியும் ஒரு கிண்ணத்தில் தண்ணீரும் வைக்கச் சொல்வாராம். வாசுகி காலமெல்லாம் காரணம் கேட்காமலே வைத்து வந்தார். கடைசிக் காலத்தில்தான் கேட்டார். பரிமாறும்போது சோற்றுப் பருக்கை கீழே சிந்தினால் ஊசியால் குத்தி எடுத்துத் தண்ணீரில் கழுவிச் சாப்பிட என்று சொன்னாராம். நீ ஒரு நாளும் சிந்தவில்லை, அதனால் ஊசிக்கு வேலை வரவில்லை என்றும் சொன்னாராம். கணவன் மனைவி கதையாகவே இதைக் கேட்டுக் கேட்டு நமக்குப் பழகிவிட்டது. எனக்கு அந்தத் தண்ணீர்க் கிண்ணம்தான் கண்ணில் படுகிறது. கதையைக் கட்டிய ஆளுக்கு, சோற்றை வீணாக்கக் கூடாது என்பதும் தெரிந்திருக்கிறது, கீழே விழுந்ததை அப்படியே வாயில் போடக் கூடாது என்பதும் தெரிந்திருக்கிறது. ஊதச் சொல்லவில்லை, எண்ணச் சொல்லவில்லை.

கழுவினால் போதுமா என்று கேட்பீர்கள். ஓடுகிற நல்ல தண்ணீரில் தேய்த்துக் கழுவினால் நிறையப் போகும், எல்லாம் போகாது. என் வீட்டுக் கூடத்தில் விழுந்த முட்டையைக் கழுவி நான் தின்பேன். பேரனுக்கும், மாசமாக இருக்கிற என் மருமகளுக்கும், சர்க்கரையும் எண்பது வயதும் உள்ள என் நாத்தனாருக்கும் கொடுக்க மாட்டேன். பிஸ்கட், முறுக்கு மாதிரிக் காய்ந்த பண்டம் வீட்டின் காய்ந்த தரையில் விழுந்தால் தட்டிவிட்டு யார் தின்றாலும் நான் வாய் திறக்க மாட்டேன். பள்ளி வராண்டாவில் விழுந்த முட்டைக்கு இன்னொரு வழி இருக்கிறது. அடுப்பில் வெந்நீர் இன்னும் கொதித்துக்கொண்டிருந்தால், நன்றாகக் கழுவி அதில் போட்டு ஐந்து நிமிஷம் கொதிக்கவிடலாம். ஷிகெல்லாவும் போகும், சால்மொனெல்லாவும் போகும், புழு முட்டையும் போகும். அந்த ஐந்துதான் கணக்கு, செகண்ட் இல்லை. ஆனால் அன்று காலை பினாயிலோ பிளீச்சிங் பவுடரோ போட்ட தரையென்றால் இந்த வித்தை உதவாது, மருந்து கொதித்துப் போகாது. பந்தி நடக்கிற அவசரத்தில் இதெல்லாம் யாரும் செய்யப் போவதில்லை என்றும் எனக்குத் தெரியும்.

அதனால் செய்யக்கூடியதைக் கேட்கிறேன். தினமும் யாராவது ஒரு பிள்ளை வராமல் இருக்கும், முட்டை வேண்டாம் என்று ஒரு பிள்ளை சொல்லும். அப்படி மிஞ்சுகிறதில் ஒன்றை, பந்தி முடியும் வரைக்கும், "விழுந்தவனுக்கு" என்று தனியே எடுத்து வையுங்கள். மிஞ்சவில்லை என்றால் டீச்சரோ தலைமை ஆசிரியரோ மாதம் ஒரு முட்டை வாங்கித் தருவது பெரிய செலவில்லை. என் கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள் என்று நான் ஏற்கெனவே சொல்லிவிட்டேன். இன்னொன்று இருக்கிறது என்று தெரிந்துவிட்டால் எந்தப் பிள்ளையும் கீழே கிடப்பதை எடுக்காது. ஆராய்ச்சி வேண்டாம், அதட்டல் வேண்டாம். ஒரே ஒரு முட்டை.

விழுந்ததைப் போட ஒரு கிண்ணம் வையுங்கள். என் அம்மா சிந்திய சோற்றைக் கூட்டிக் குப்பையில் போட விடமாட்டார், கோழிக்கோ காக்காய்க்கோ போகும். சோற்றைக் கீழே போட்டது பாவம் என்ற பயம் பிள்ளைக்கு இருக்கிறது, அதுவும் எடுத்து வாயில் போட வைக்கிறது. காக்காய்க்குப் போகிறது என்று தெரிந்தால் அந்தப் பயம் அடங்கும். கிண்ணத்தைப் பள்ளிக்கு வெளியே கொண்டுபோய்க் கொட்டுங்கள். இல்லாவிட்டால் அந்த நாய் நாளைக்கும் பந்திக்கு வரும்.

கழிப்பறை வாசலில் நான்கு ஜோடி ரப்பர் செருப்பு. கழிப்பறைக்கென்று தனித் துடைப்பம், அதன் கைப்பிடியில் சிவப்புத் துணி கட்டிவிட்டால் மாறாது. வராண்டாவைக் கழுவினால் காய்ந்த பிறகு பந்தி போடுங்கள். ஈரத் தரையில் உட்கார வைத்தால் கழுவியதன் பலன் பாதி போய்விடும். சோப்பைப் பற்றித்தான் சொல்லிவிட்டேனே.

டீச்சருக்கு மட்டும் ஒன்று. நீங்கள் பயந்து கத்தினீர்கள், எனக்குப் புரிகிறது. பதில் சொல்ல வேண்டியது நீங்கள்தான். ஆனால் அன்றைக்கு என் பேரன் கிருமியைப் பற்றி எதுவும் கற்றுக்கொள்ளவில்லை. யாரும் பார்க்காதபோது எடுத்துத் தின்ன வேண்டும் என்பதைத்தான் கற்றுக்கொண்டான். அவனே என்னிடம் சொன்னான்.

அதனால் ஒரு யோசனை. உங்கள் அறிவியல் வகுப்பில் ஒரு மணி நேரம் கொடுங்கள். ஒரு பெரிய தாம்பாளத்தில் நீலக் கோலமாவை மெல்லிசாகத் தூவுவோம். அதில் ஒரு பிஸ்கட்டையும், தோலோடு ஒரு வாழைப்பழத்தையும், உரித்த முட்டை இரண்டையும் போடுவோம். ஒரு முட்டையைப் போட்டவுடனே எடுக்க வேண்டும். இன்னொன்றைப் பிள்ளைகள் எல்லோரும் சேர்ந்து சத்தமாக முப்பது வரை எண்ணிய பிறகு எடுக்க வேண்டும். எதில் எவ்வளவு நீலம் ஒட்டியிருக்கிறது என்று அவர்களே பார்க்கட்டும். கோலமாவு கிருமி இல்லைதான், கிருமி இதைவிடப் பல மடங்கு சிறியது என்பதையும் அப்போதே சொல்லிவிடலாம். ஆனால் வெள்ளை முட்டையில் நீலம் அப்பிக்கொண்டு வருவதைப் பார்த்த பிள்ளைக்கு அப்புறம் நாம் எதுவும் சொல்ல வேண்டியிருக்காது. எண்ணுகிற வேலையை என் பேரனுக்குக் கொடுங்கள். அவனுக்கு அது நன்றாக வரும்.

வருகிற புதன்கிழமை எனக்கு வசதிப்படும். கோலமாவும் தாம்பாளமும் நான் கொண்டு வருகிறேன். முட்டையும் என் வீட்டிலிருந்தே வரும், உங்கள் கணக்கில் கை வைக்க வேண்டாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஒரு லேப் டெக்னீஷியன்,
மூன்றாம் வகுப்புப் பையனின் அம்மாச்சி